பழைய தகரத்துக்கு வந்த கிராக்கி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. கராச்சர்மா நிறுத்தத்தில் காற்று குடையைத் திருப்பிவிட்டது. ஜங்லிகாட் வரை பஸ்ஸில் நின்றபடி. கடைக்குத் தாமதம். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. வியாபாரம் இருந்தால்தானே சொல்வார்.

மணல் இல்லை. மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு வர வேண்டிய சரக்குப் பார்ஜ், கடல் சரியில்லை என்று கிளம்பவேயில்லை. சிமெண்ட் மூட்டைகள் ஓரத்தில் கட்டிதட்டத் தொடங்கிவிட்டன. ஹார்டுவேர் கடையில் பில் போடுகிறவளுக்கு இப்படிப்பட்ட நாள் ஓய்வாக இருக்க வேண்டும். இல்லை.

இன்று வந்தவர்கள்:
பெயிண்ட் டின்னைத் திருப்பிக் கொடுக்க இரண்டு பேர். சீல் உடைக்காதது.
டைல்ஸ் ஆர்டரை நிறுத்தச் சொல்லி ஒரு பெங்காலி அம்மாள்.
பழைய தகரம் கேட்டு ஓர் ஆட்டோக்காரர்.

"புதுசு வேணாம் மேடம். புராணா. துரு ஏறினது இருந்தா குடுங்க."

முதலாளி சிரித்தார். "இது ஹார்டுவேர் கடையா, பழைய இரும்பு வாங்கி விக்கிற கபாடிக் கடையா?"

"சிரிங்க சேட், சிரிங்க. கபாடிக்காரன் புது ஷீட்டை விட ஜாஸ்தி சொல்றான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் எங்கள் மலைச்சரிவில் குடியிருப்பவர். மேலே, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீடு.

புது மாஸ்டர் பிளான் வரைவு ஒட்டப்பட்ட நாளிலிருந்து இப்படித்தான். வரைபடத்தில் எங்கள் சரிவு முழுக்கப் பச்சை. பச்சை என்றால் வீடு இருக்கக் கூடாத இடம். ஆனால் குறிப்பிட்ட ஓர் ஆண்டுக்கு முன்பே கட்டிய வீடுகள் இருக்கலாம், பட்டாவும் கிடைக்கலாம். அதற்குப் பின் கட்டியவை போக வேண்டும். ரெவின்யூ ஆபீஸ் பட்வாரி வீடு வீடாக வந்து பார்த்து எழுதுவார். ஆகவே சரிவு முழுக்க எல்லோரும் வீட்டுக்கு வயது ஏற்றுகிறார்கள்.

எங்கள் வீடு போன வருஷத்துக்கு முந்தின வருஷம் கட்டியது. காங்கிரீட்.

ஜூன் 4

மழை விட்டுவிட்டு.

பக்கத்து பெங்காலி வீட்டு மாலதி தீதியின் புருஷர் ஹல்தார் தாதா சுவரில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். புளித்த கஞ்சியோடு சாணி. பாசி சீக்கிரம் பிடிக்குமாம். போன துர்கா பூஜைக்கு அடித்த மஞ்சள் பெயிண்டைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் இந்த வேலை.

என் வீட்டுக்காரர் செல்வம் (இனி செ.) வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டார். "தாதா, சுவருக்கு மட்டும் ஊத்துறீங்களே, உங்க தலைக்கும் கொஞ்சம் ஊத்துங்க. டை அடிச்சு புதுசா தெரியுது."

"அரே செல்வம், தலைக்குப் பட்டா யாரு குடுக்கப் போறா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். உள்ளே வந்ததும் செ. முகம் விழுந்துவிட்டது. சாப்பிடவில்லை.

எங்களிடமும் பழைய வீடு இருந்தது என்பதுதான் விஷயம். மாமனார் ராமநாதபுரத்திலிருந்து வந்து, இந்தச் சரிவில் காடு வெட்டி, தன் கையால் கட்டிய மரவீடு. படாக் மரப் பலகை, தகரக் கூரை. செ. பிறந்ததே அதில். கரையான் ஏறி, ஒவ்வொரு மழைக்கும் ஒழுகி, ஒரு காற்றில் ஷீட் பறந்து மாலதி தீதியின் ஆட்டுக் கொட்டகையில் விழுந்த பிறகு பிரித்தோம். பக்கா வீடு கட்டிவிட்டால் யாரும் அசைக்க முடியாது என்று நினைத்தோம். சரிவில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம், பேசிக்கொண்டோம். கட்ட முடிந்தது நாங்கள் மட்டும். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வேறு அத்தாட்சி? ரேஷன் கார்டு கடைசி வரை ஜங்லிகாட் விலாசத்தில். கடை பக்கம் என்று மாமா மாற்றவேயில்லை. சரிவுக்குக் கரண்ட் வந்ததே ரொம்பப் பின்னால். போட்டோ ஆல்பம் கூரை பறந்த இரவில் நனைந்து ஒரே கட்டியாகிவிட்டது.

வீட்டைப் பலமாக்கினோம். அதனால் அதன் வயது போயிற்று.

மகள் யாழினி கோயம்புத்தூரிலிருந்து போன். பரீட்சை முடிந்து மாதக் கடைசியில் வருகிறாள். "அம்மா, என் ரூமுக்கு பெயிண்ட் அடிச்சாச்சா? லைட் ப்ளூ சொன்னேன்ல?" ஆயிற்று, ஆகப்போகிறது என்று என்னவோ சொன்னேன்.

ஜூன் 6, வெள்ளி

அரை நாள் லீவு. செ.யிடம் சொல்லாமல் வாடகை வீடு பார்க்கப் போனேன். பார்த்து வைப்பதில் தப்பில்லை என்று மனதுக்குச் சொல்லிக்கொண்டு.

முதல் வீடு, ஜங்லிகாட் மார்க்கெட்டுக்குப் பின்னால். வீட்டுக்கார அம்மாள் திருநெல்வேலிப் பக்கம். நன்றாகத்தான் பேசினாள். "ஃபேமிலியா? தப்பா நினைக்காதீங்க மதினி. கம்பெனி ஆளுங்களுக்குத்தான் குடுக்கோம். ஒரு ரூமுக்கு நாலு பேரு, கட்டிலுக்குக் கட்டில் வாடகை. ஃபேமிலின்னா தண்ணி ஜாஸ்தி செலவாகும்லா."

இரண்டாவது, போன மாதம் வரை வீடு. இப்போது டூரிஸ்டுக்கு.

மூன்றாவது, ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு மேலே. ஜன்னல் ஒன்று. அதைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். புரோக்கர், "மேடம், யோசிக்காதீங்க, இதுவும் போயிடும். தெக்கே கேம்பல் பே ஊர்ல பெரிய ப்ராஜெக்ட் வேலை வருதுன்னு அங்க போறவன் வர்றவன் எல்லாம் இங்கதான் தங்குறான். உங்களை மாதிரி சரிவுக்காரங்க வேற தேட ஆரம்பிச்சுட்டாங்க" என்றான். சரிவுக்காரங்க. அதற்குள் எங்களுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது.

ஜன்னலுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். எதிர்ச் சுவரில் ஒரு குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு எங்கள் சமையல் மேடை என்ன ஆகும் என்று யோசித்தேன். என் உயரத்துக்கு அளந்து போட்டது. என்னை நிற்க வைத்து மேஸ்திரி பென்சிலால் கோடு போட்டார். அதை எப்படிப் பெயர்ப்பார்கள். உடைக்கத்தான் முடியும்.

பஸ்ஸில் அழுகை. மழையில் நனைந்த முகம், யாருக்கும் தெரிந்திருக்காது.

வாங்க வேண்டியவை: கொசுவர்த்தி, பருப்பு, செ.க்கு பி.பி. மாத்திரை.

ஜூன் 8, ஞாயிறு

வெயில், பத்து நாளுக்குப் பிறகு. துணி எல்லாம் வெளியே.

காலையில் செ. திடீரென்று, "நிலைப் பலகை!" என்றார். தட்டில் தோசை அப்படியே.

மாமா வாசல் நிலையின் மேற்பலகையில் தன் பெயரையும் வீடு கட்டிய வருஷத்தையும் உளியால் வெட்டியிருந்தார். பழைய பலகைகளை ஊருக்குள் கஃபே வைத்திருக்கும் ஒருவர் வாங்கிப் போனார். அந்தப் பலகையும் அதில்தான் இருக்க வேண்டும். பட்வாரியிடம் காட்டலாம். பெயர், வருஷம், இரண்டும் உண்டு. இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை! செ. நல்ல சட்டை போட்டுக்கொண்டார். ஸ்கூட்டரில் போகும்போது விசில். எவ்வளவு நாளாயிற்று அதைக் கேட்டு. நானும் நம்பினேன். பின்னால் உட்கார்ந்து, பட்டா வந்ததும் யாரிடம் முதலில் சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன்.

கஃபேக்காரர் மரியாதையானவர். டெல்லிப் பக்கம். காபி கொடுத்தார். பலகை இருந்தது. சுவரில், செடித் தொட்டிகள் வைக்கும் தட்டாக. தொட்டிகளை அவரே இறக்கி வைத்தார்.

இழைத்திருந்தார்கள். வார்னிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி. படாக்கின் சிவப்பு அவ்வளவு அழகு, எங்கள் வீட்டில் இருந்தவரை அது சிவப்பென்றே எனக்குத் தெரியாது. எழுத்து இல்லை, வருஷமும் இல்லை. மாமா பெயர் முத்துக்கருப்பன். புள்ளிகளை மட்டும் துரப்பணத்தால் ஆழமாகத் துளைத்திருப்பார் போல. நான்கு புள்ளிகள் மட்டும் மிச்சம். செ. அவற்றின் மேல் விரல் வைத்து, த், க், ப், ன் என்று மெதுவாகச் சொன்னார்.

"ஸாரி பாய் ஸாப், கீறல்னு நினைச்சு கார்பெண்டர் எடுத்துட்டான்" என்று இந்தியில் சொன்னார் கஃபேக்காரர். பலகையை எடுத்துப் போங்கள் என்றும் சொன்னார்.

செ. வேண்டாம் என்றார். தொட்டிகளைத் திரும்ப எடுத்து வைக்க உதவி செய்தார்.

மாலை, மாலதி தீதி. நடந்ததைச் சொன்னேன். என் இந்தியும் அவள் தமிழும் பாதிப்பாதியாகத்தான் நாங்கள் இத்தனை வருஷம் பேசியிருக்கிறோம். கையைப் பிடித்துக்கொண்டாள். "ஃபிக்ர் மத் கர், கவலைப்படாத. பட்வாரி வந்தா நானும் தாதாவும் சொல்றோம். செல்வம் இங்கதான் பொறந்தான்னு தாதா கையெழுத்து போடுவார். அவருக்குத் தெரியாததா?"

பக்கத்து வீட்டுச் சாட்சி எடுபடும் என்று கடையில் பலர் சொல்லியிருக்கிறார்கள். பிழைத்தோம் என்று தோன்றியது. தூங்கினேன்.

ஜூன் 10, செவ்வாய்

வந்தார்கள். தூறல்.

பட்வாரியும், கையில் பெயிண்ட் டப்பாவும் பிரஷுமாக ஒருவரும். பட்வாரி தமிழர், இங்கேயே பிறந்தவர். அதுவே பாதி நிம்மதி. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். தண்ணீர் குடித்தார்.

செ. எல்லாம் சொன்னார். மரவீடு, கரையான், கூரை, பலகை, கஃபே.

"அண்ணே, நான் நம்புறேன்" என்றார் பட்வாரி. "நான் நம்பி என்ன ஆகப்போகுது? கண்ணு முன்னால நிக்கிறதத்தான் எழுதணும். சாட்சி யாராச்சும்?"

செ. வேலிப் பக்கம் ஓடினார். "தாதா! ஓ தாதா!"

கதவு சாத்தியிருந்தது. உள்ளே மிக்ஸி ஓடுகிற சத்தம். கூப்பிட்டதும் நின்றது. பிறகு திரைக்குப் பின்னாலிருந்து மாலதி தீதியின் குரல் மட்டும். "தாதா ரங்கத் போயிருக்கார். அக்கா வீட்டுக்கு. நாளைக்குத்தான்."

தாதாவின் செருப்பு வாசலில் இருந்தது. செ. அதைப் பார்த்தார். நானும். பட்வாரியும் பார்த்திருப்பார்.

"சாட்சி சொல்றவங்க வீட்டையும் திரும்ப நல்லா பார்க்கச் சொல்லி ஆர்டர்ணே" என்றார் பட்வாரி, தரையைப் பார்த்துக்கொண்டு. தாதாவின் வீட்டுக்குப் பின்னால் போன வருஷம் கட்டிய காங்கிரீட் பாத்ரூம். கஞ்சி ஊற்றியும் பாசி சரியாகப் பிடிக்காதது.

பிறகு ஒன்று நடந்தது. வெளியே போனவர் தென்னைகளுக்கு அடியில் நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தார். தண்டைத் தடவினார். "இது யாரு வச்சது?"

"அப்பா."

"பழைய மரம்ணே. ரொம்பப் பழசு. இதை எழுதலாம்."

செ. சிரித்தேவிட்டார். "அப்ப சரிதானே? அதே ஜகா, அதே இடம்தானே சார்? மரத்தை வச்சவன் வீட்டை வைக்காமலா இருந்திருப்பான்?"

பட்வாரி தண்டிலிருந்து கையை எடுத்தார். "மரம் பழசு. வீடு புதுசு. மரத்துக்குத் தனி காலம், வீட்டுக்குத் தனி காலம். ஒண்ணை வச்சு இன்னொண்ணை எழுத முடியாது. திருப்பி அனுப்பிடுவாங்க."

தென்னைகளுக்கு மஞ்சள் வளையம். மஞ்சள் என்றால் இருக்கலாம். எங்கள் முன் சுவரில், வாசலுக்குப் பக்கத்தில், சிவப்பில் பெருக்கல் குறி. மழையில் ஒரு கால் வழிந்து தரை வரை இறங்கியது. பெயிண்ட்காரர் துணியால் ஒற்றி நேராக்கினார். சுத்தமாக வேலை செய்கிறவர்.

ஆட்சேபம் எழுதிக் கொடுக்கலாமாம். "குடுங்க, குடுக்கிறதைக் குடுங்க" என்றார் பட்வாரி. அவர் சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது.

ஜூன் 11

வாசலில் ஒரு தூக்குச் சட்டி. மீன் குழம்பு, கடுகு அரைத்தது. அவள் கை. யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. தட்டிக் கூப்பிடவும் இல்லை.

சாப்பிடக் கூடாது என்று நினைத்தேன். செ. எடுத்துச் சூடு பண்ணினார். "அவங்களுக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைங்க. நான் மட்டும் என்ன பண்ணியிருப்பேன்?" என்றார். நான் என்ன பண்ணியிருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் இன்னும் மோசம்.

சாப்பிட்டோம். நன்றாக இருந்தது.

சட்டியைக் கழுவி வேலி மேல் கவிழ்த்து வைத்தேன். மாலை பார்த்தபோது இல்லை.

கடையில் ஆட்டோக்காரர் லட்டு கொண்டுவந்தார். துருத் தகரம் வேலை செய்துவிட்டது. மஞ்சள். அவர் இங்கே வந்து எத்தனை வருஷம் என்று எனக்குத் தெரியும். முதலாளிக்கும் தெரியும். எல்லோரும் லட்டு சாப்பிட்டோம்.

ஜூன் 14, சனி

பார்ஜ் வந்துவிட்டது. மணல். காலையிலிருந்து லாரிகள், கூச்சல், மூச்சுவிட நேரமில்லை. எல்லாம் ஹோட்டல்காரர்கள், மெயின்லேண்ட் காண்ட்ராக்டர்கள். சரிவுக்காரர் ஒருவரும் இல்லை.

யாழினிக்கு டிக்கெட் கன்ஃபர்ம். அவளிடம் ஒன்றும் சொல்லக் கூடாது என்றார் செ. வந்தால் வாசலிலேயே சிவப்புக் குறியைப் பார்த்துவிடுவாளே என்றேன். அவளுடைய சைக்கிளை அங்கே சாய்த்து வைத்தால் மறையும் என்றார். வைத்துப் பார்த்தோம். பாதி மறைகிறது.

சாயங்காலம் கடையை மூடும்போது, "ஒரு டின் எடுத்துக்கவா?" என்று முதலாளியைக் கேட்டேன். லைட் ப்ளூ. யாரோ திருப்பிக் கொடுத்ததில் ஒன்று. என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எதுக்கும்மா இப்ப?" பில் போட்டேன். இந்த மாதம் சரிவுக்கு விற்ற பெயிண்ட் இது ஒன்றுதான்.

செ. சட்டையைக் கழற்றிவிட்டு ஆரம்பித்துவிட்டார். மூலையெல்லாம் பேப்பர் ஒட்டி, ஸ்விட்ச்போர்டில் படாமல், ஜன்னல் ஓரம் சின்ன பிரஷால். வாயில் அதே விசில். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெளியே மறுபடி மழை. ஈரத்தில் சீக்கிரம் காயாது. காய்ந்த பிறகுதான் இரண்டாவது கோட்.