அடைத்த காற்றுத் துளைகள்

1945 ஜனவரி 14
விமானக் குண்டுக்குப் பயந்து இருட்டடிப்பு உத்தரவு. சன்னல்களுக்கு மேலிருக்கும் காற்றுத் துளைகளைக் கறுப்புக் காகிதம் ஒட்டி அடைத்தேன். மரவள்ளி மாவுப் பசை. தெருக்காவல் பார்க்கும் கருணாகரன் வாசலில் நின்று கவனித்தார். "நூலளவு வெளிச்சம் தெரிஞ்சாலும் என் தலைதான்யா போகும்."

ஜனவரி 30
தீப்பெட்டி கிடைப்பதில்லை. அதனால் இரவில் அடுப்பை அணைப்பதில்லை; கரித்தணலைச் சாம்பலால் மூடிவைத்துக் காலையில் ஊதி எழுப்புகிறோம். எங்கள் காஜா பெராங் பகுதியில் எல்லா வீட்டிலும் இதே வழக்கம். எங்கள் படுக்கை அடுப்படியை ஒட்டியது. அம்மா முன்னறையில்.

என் மனைவி கமலவேணி ஒரு வாரமாகக் காலையில் கிணற்றடிக்கு ஓடுகிறாள். வாந்தி. நாளும் தள்ளிப்போயிருக்கிறது. கல்யாணமாகி மூன்று வருடம்.

அம்மாவுக்குச் சந்தோஷம். "கொமட்டுதா? நல்லாக் கொமட்டட்டும். தம்பி, பாசார்ல மாங்கா இருந்தா வாங்கியா."

கமலவேணி பழஞ்சேலையைக் கிழித்துக் குழந்தைக்கென்று சின்னத் துணிகளாக மடித்துவைத்திருக்கிறாள்.

எனக்கும் காலையில் தலைவலி. மரவள்ளி ஒத்துக்கொள்ளவில்லை போலும்.

பிப்ரவரி 6
இரவு மழை. காகிதம் நனைந்து விழுந்துவிட்டது. இன்று தலைவலி இல்லை. அவளும் ஓடவில்லை.
மாலையில் மறுபடி ஒட்டினேன்.

பிப்ரவரி 7
தலைவலி. கிணற்றடி.

தணல் — அடைத்த அறை. சிங்கப்பூரில் கல்லூரி மூடும்வரை வேதியியல் படித்தவன் நான். கரித்தணலின் நச்சு வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை; தலைவலியும் குமட்டலும்தான் அடையாளம் என்று தேர்வில் எழுதியவன்.

அப்படியானால் குழந்தை? நாள் தள்ளுவது இப்போது பாதித் தெருவில் உண்டு. அரிசி காணாத உடம்பு. அவள் இந்த வாந்தியைத்தான் நம்பியிருக்கிறாள்.

காகிதத்தைக் கிழித்தேன். விளக்கு ஏற்றவில்லை. புழுக்கம் என்றேன்.

பிப்ரவரி 8
காலையில் கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி நின்றிருந்தாள். குமட்டலுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"இன்னிக்கு வரலங்க."

சொன்னேன். தணலை, துளைகளை, என் தலைவலியை.

"உங்களுக்கும் வலிச்சுதா? ஏங்க சொல்லல?"

"மரவள்ளின்னு நெனச்சேன்."

"நான் புள்ளைன்னு நெனச்சேன்."

பிப்ரவரி 11
கள்ளிப்பெட்டி ஒன்றைப் பிரித்தேன். ஒவ்வொரு துளைக்கும் வெளியில் ஒரு பலகை, சரிவாக, கரி பூசி. வெளிச்சத்துக்கு வளைந்து போகத் தெரியாது. காற்றுக்குத் தெரியும். படுக்கையும் அம்மாவின் அறைக்கு மாறியது.

அந்தி சாய்ந்ததும் விளக்கேற்றிவிட்டுக் கருணாகரனைக் கூப்பிட்டேன். வீட்டைச் சுற்றி வந்தார்.

"என்னய்யா, ஆளில்லாத வீடு மாதிரி இருக்கு. வெளக்க ஏத்திட்டுத்தானே கூப்பிட்ட?"

தன் வீட்டுக்கும் பலகை அளவு வேண்டுமாம்.

பிப்ரவரி 15
கமலவேணி மூன்று நாளைக்குத் தனியாகப் படுக்கிறாள். அம்மா சமைக்கிறாள்.

பிப்ரவரி 19
அடுப்படிச் சுவரின் புகைக்கரியை இன்று துடைத்தோம். துணி போதவில்லை. உள்ளே போனாள். மடித்துவைத்திருந்தவற்றை எடுத்து வந்தாள். நான் பார்க்காததுபோல் சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாவற்றையும் அலசிக் கொடியில் போட்டாள்.

அளவு கேட்டு வந்த கருணாகரன் கொடியைப் பார்த்தார். வரிசையாகச் சின்னத் துணிகள். என் தோளைத் தட்டினார்.

"சொல்லவே இல்லையேய்யா."

பலகையின் அளவைச் சொன்னேன்.