ரோய்ஸ்டன் சொன்ன ‘போ’

புந்தோங், ஈப்போ
ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும்

என் அன்பு மெலிண்டாவுக்கு,

உன் பாஸ்கல் எழுதுகிறேன். நான் சுகம். உன் மகன் ரோய்ஸ்டனுக்கு மட்டும் வழக்கம்போல மூக்கு ஒழுகுகிறது. இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், பாதியில் வைத்துவிடுவோம். போன வாரமும் அப்படித்தானே ஆனது? பக்கத்து வீட்டுப் பவித்ரன் நாளைக்கு சிங்கப்பூருக்கு பஸ் ஏறுகிறான். அவனிடம் இதையும் ஒரு பொட்டலம் கச்சாங் பூத்தே கடலையும் கொடுத்தனுப்புகிறேன். பொட்டலம் பிரிந்திருந்தால் அவனைக் கேள்.

நீ அன்றைக்குச் சொன்னது எனக்கு இன்னும் காதிலேயே நிற்கிறது. ‘அவனுக்குத்தான் நான் வேணாமே, இந்த முதியோர் இல்ல வேலையிலயே இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுடுறேன்’ என்றாய். ஜனவரியில் அமான்ஜெயா பஸ் நிலையத்தில் நடந்ததைத்தான் மனதில் வைத்துப் பேசுகிறாய், தெரியும். நீ முத்தம் கொடுக்கக் குனிந்தபோது இரண்டு கையையும் உன் முகத்துக்கு நேரே நீட்டி, ‘போ, போ’ என்று கத்தினான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நீ சிரிக்காமல் பஸ்ஸில் ஏறினாய். ஈஸ்டருக்கும் வரவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புதன்கிழமை அவனைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனேன். மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லையே என்று கிளினிக் நர்ஸ்தான் எழுதிக் கொடுத்தார். எல்ஸி அக்காவுக்கு இதில் இஷ்டமே இல்லை. ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்லா, நீயே அஞ்சு வயசு வரைக்கும் ஊமைக் கோட்டான் மாதிரிதான் இருந்தே என்று என்னையே இழுத்தாள். அத்தான் அதற்கும் மேலே. அப்படியே தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கும் ஒரு எட்டு கொண்டு போயிடு என்று சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் சோற்றில் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டேன். அக்கா முகத்துக்காக வேறெதுவும் பேசவில்லை.

டாக்டர் நம் தமிழ்ப் பிள்ளைதான், தினேஸ்வரி என்று பேர், சின்னப் பெண். எடை, உயரம், தலைச்சுற்றளவு எல்லாம் பார்த்தார். குறைமாதமா, பிறந்ததும் மஞ்சள் காமாலைக்கு விளக்கில் வைத்தார்களா என்று கேட்டார். அதுவரை சரி. பிறகு, வீட்டில் யார் யார், அவன் யார் பக்கத்தில் தூங்குகிறான், என்ன மொழி பேசுவோம், எவ்வளவு நேரம் போன் பார்க்கிறான், விளையாட யார் இருக்கிறார்கள் என்று ஆரம்பித்தார். கடைசியில் நீ எப்போது வேலைக்குப் போனாய் என்றும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. பிள்ளையப் பாருங்கன்னா குடும்பத்தப் பாக்குறீங்களே என்று கேட்டேவிட்டேன். அந்தப் பெண் கோபப்படவில்லை. புள்ள தனியா வளரலியே அண்ணே என்று மட்டும் சொன்னார். பிறகு நானும் ஒழுங்காகப் பதில் சொன்னேன்.

சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது. நான்கு மாதத்திலிருந்து, பிள்ளை பார்த்துக்கொள்ளும் மேய் ஆன்ட்டி வீட்டில் வளர்ந்தான். அவர் மகளோடு பினாங்குக்குப் போய்விட்டார். அடுத்து நீ போனாய். இப்போது பகலெல்லாம் கோப்பெங்கில் அக்கா வீடு. அந்தப் பழைய தோட்டம் முழுக்க இப்போது செம்பனை. லயத்தில் அவன் வயதில் ஒரு பிள்ளைகூடக் கிடையாது. கோழியோடுதான் விளையாடுகிறான். ஒரே வருஷத்தில் அவனுக்கு எல்லாமே மாறிப்போயிருக்கிறது, மெலிண்டா. நாம் மாற்றியது நமக்குத் தெரியும், அவனுக்கு யார் சொன்னார்கள்?

அடுத்து, மிஸ் வோங் என்ற சீனப் பெண் அவனைத் தரையில் உட்கார வைத்து விளையாட்டுக் காட்டினார். மரக்கட்டை அடுக்கினான். பொம்மைக்குச் சோறு ஊட்டினான். படத்தைக் காட்டி மலாயிலும் ஆங்கிலத்திலும் கேட்டதற்கு வாயே திறக்கவில்லை. டாக்டர் தமிழில் கேட்டதற்கும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அலுத்துப்போய் எழுந்து, மிஸ் வோங் முகத்துக்கு நேரே கையை நீட்டி ‘போ, போ’ என்றான். எனக்கு மானம் போயிற்று. டேய், மிஸ்ஸப் பாத்துப் போன்னு சொல்றியா என்று எழுந்து, அந்தப் பெண்ணிடம் மன்னிப்பும் கேட்டேன்.

அவரோ என்னைத் திரும்பியே பார்க்காமல் அவனைத் தூக்கிக்கொண்டார். இவனும் அவர் தோளில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

இவனை வளர்த்தது சீனர்களா என்று கேட்டார். ஆமாம், மேய் ஆன்ட்டி என்றேன். கான்டனீஸில் ‘போ’ என்றால் தூக்கிக்கொள் என்று அர்த்தமாம், மெலிண்டா. உங்க மகன் டுக்கோங் கேக்குறான்லா, தூக்கச் சொல்றான், போகச் சொல்லல என்றார்.

அவன் ‘போ’ என்னும்போதெல்லாம், சரிடா, தனியா இரு என்று நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். பின்னாலேயே அழுதுகொண்டு வருவான். என்ன பிடிவாதம் என்று நினைப்பேன். எனக்குத் தெரிந்த கான்டனீஸ் எல்லாம் வொர்க்‌ஷாப்பில் கற்ற கெட்ட வார்த்தைதானே! இன்னொன்றும் கேள். ‘சொய், சொய்’ என்பானே, தோசைக் கல் சத்தத்தைச் சொல்கிறான் என்று அக்கா ஓடி ஓடித் தோசை சுடுவாள். அது தண்ணீராம். தாகத்துக்குத் தோசை தின்று தின்றே கன்னம் உப்பியிருக்கிறது, பாவம். அக்காவிடம் சொன்னதும் முதலில் சிரித்தாள், அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதாள்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. நான் மறைக்க மாட்டேன். எல்லா மொழியையும் கூட்டிப் பார்த்தாலும் வயதுக்குப் பேச்சு குறைவுதான் என்றார் டாக்டர். ஓயாத சளியால் காதுக்குள் நீர் கட்டியிருக்கிறதாம், தண்ணீருக்குள் இருந்து கேட்பதுபோலத்தான் நாம் பேசுவது கேட்குமாம். பெரிய ஆஸ்பத்திரியில் காதைச் சோதிக்க வேண்டும். பேச்சுப் பயிற்சியும் இருக்கிறது. வேறு ஏதாவது குறை இருக்கிறதா என்று ஆறு மாதம் பார்த்துத்தான் சொல்வார்களாம். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பூசையில் இன்றைக்கு அவனுக்காகத்தான் வேண்டிக்கொண்டேன்.

வேலையை விட்டுவிட்டு ஓடி வா என்று நான் சொல்லவில்லை. அந்த வேலைக்கு நீ எவ்வளவு அலைந்தாய் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவனுக்கு நீ வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு மட்டும் கையெழுத்துப் போடாதே. அது பொய். உன்னைப் போகவிடாமல் பிடித்துவைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அதுதான்.

ஒரு தடவை வந்து அவனைத் தூக்கிப் பார், பிறகு முடிவு செய். நீ இருக்கப்போவது எங்கே என்றாலும் நான் உன் பக்கம்தான். கனத்துவிட்டான், இடுப்பு பத்திரம். அந்த இல்லத்துப் பெரியவர்களையும் உன்னையும் மாதா காக்கட்டும்.

அப்புறம், மெலிண்டா, நீ இல்லாத வீட்டில் பேச்சு வராமல் கிடப்பது அவன் மட்டுமில்லை.

உன்
பாஸ்கல்