பெரிய வெள்ளியில் இரும்பு தொடாதவர்கள்

சேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு
26.4.1962

என் அன்பு மகன் கொன்ஸ்ரன்ரைனுக்கு,

அம்மா எழுதுகிறேன். குருமடத்தில் உன் உடம்புக்கும் ஆன்மாவுக்கும் ஒரு குறையும் வராதிருக்க ஆண்டவரை மன்றாடிக்கொண்டு தொடங்குகிறேன். உயிர்த்த ஞாயிறுக்கு வழக்கமாக வரும் பார்சல் ஏன் வரவில்லை, அம்மாவுக்குச் சுகமில்லையோ என்று கேட்டிருந்தாய். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உனக்கென்று காயப்போட்ட இறால் ஓலைப்பாயில் அப்படியே கிடக்கிறது. அதைத் தொட எனக்குக் கை வரவில்லை. ஏன் என்று எழுதத்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து கடுதாசியை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

முதலில் வீட்டுப் புதினம். தங்கச்சி சுசிலா உன் குருப்பட்டத்து உடுப்புக்கு இப்போதே றேந்தைக் கரை பின்னத் தொடங்கிவிட்டாள். அடுத்த வருடம்தானே பிள்ளை, ஆறுதலாகப் பின்னு என்றால் கேட்கிறாள் இல்லை. உன் அப்பா அவளுக்கு மேலே. பந்தல் எந்தப் பக்கம் போடுவது, ஆயர் ஆண்டகை இருக்கக் கதிரை எங்கே வைப்பது என்று முற்றத்தை அளந்துகொண்டு திரிந்தார். இதெல்லாம் பெரிய வெள்ளிக்கு முதல் நடந்த கதை.

பெரிய வெள்ளியில் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. வள்ளம் இறங்காது, வலை நனையாது. ஆண்டவருக்கு ஆணி அறைந்த நாள் என்று இரும்பு தொடமாட்டோம். கத்தி, கோடரி எல்லாவற்றையும் அப்பா முதல் நாளே சாக்கில் சுற்றிக் கூரை வளையில் செருகிவிடுவார். இந்த முறை குசினியில் ஒரு சின்னக் கத்தி தப்பிப்போய்க் கிடந்தது. நான் நினைவில்லாமல் கஞ்சிக்கு வெங்காயம் அரியப் போக, பாவி என்று கத்திக்கொண்டு ஓடிவந்து பறித்தார். வெங்காயத்தைக் கையால் நசித்துத்தான் போட்டேன். ஆட்டுக்குட்டி அவருடைய வெள்ளை வேட்டியின் தலைப்பைச் சப்பிவிட்டது. வேறு நாளென்றால் அதற்கு நல்ல பூசை கிடைத்திருக்கும். அன்றைக்கு ஒரு சீவனையும் அடிக்கக்கூடாது என்று சொல்லி, அதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூவரச மரத்தில் கட்டினார். தம்பி, இந்த இடத்தை மறந்துவிடாமல் மேலே வாசி.

பங்குச் சுவாமி அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போக வேண்டியிருந்ததால், சிலுவைப்பாதையை நடத்தும் பொறுப்பை அப்பாவிடம் கொடுத்திருந்தார். இந்த வருடம் கடலோடு சேரும் களப்பின் கரையோடு நடந்து செய்தோம். கோயில் மணி அடிக்காத நாளல்லவா, மணிக்குப் பதிலாகத் தட்டுகிற மரக்கட்டையை அப்பா கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். நல்ல வெயில். ஆண்டவரை உடுப்பு உரிந்து நிறுத்துகிற ஸ்தலத்தில் அவர் குரல் உடைந்து அழுதார். அவர் அழ ஆண்கள் எல்லோரும் அழுதார்கள். நானும் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். ஒரு அப்பாவியை இப்படி அடித்தார்களே என்றுதான் அழுதோம்.

அப்போதுதான் களப்புக்குள் இடுப்பளவு தண்ணீரில் ஒரு மனிதர் வலை வீசிக்கொண்டு நிற்பதைக் கண்டோம். பெயர் ஏரம்பு என்று பிறகுதான் தெரியும். குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஒட்டுசுட்டான் பக்கம் குடியிருக்கிறார். வந்து வருடம்கூட ஆகவில்லை. சிலுவை வருவதைக் கண்டதும் அவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் கும்பிட்டார். நான் என் கண்ணால் கண்டேன். கும்பிட்டுவிட்டுத் திரும்பி, வலையை மறுபடி வீசினார்.

அவ்வளவுதான். உன் அப்பாதான் முதலில் தண்ணீருக்குள் இறங்கினார். பின்னால் ஏழெட்டுப் பேர்.

"ஆண்டவர் சிலுவையிலை தொங்கிற நேரத்திலை வலை எறியிறியோடா?"

இதைச் சொல்லிக்கொண்டே கையிலிருந்த கட்டையால் முகத்தில் அடித்தார். அந்த மனிதர், ஐயா எனக்குத் தெரியாது ஐயா, நான் சைவக்காரன் என்றார். அதைக் கேட்டபிறகு அடி கூடியதே தவிரக் குறையவில்லை. கரைக்கு இழுத்துப்போட்டு அடித்தார்கள். ஒருவன் வள்ளத்துக்குள் கிடக்கும் மீன் வெட்டுகிற கத்தியை எடுக்க ஓடினான். உன் அப்பா அவனைப் பிடித்து நிறுத்தினார்.

"விடு. பெரிய வெள்ளியிலை இரும்பு தொடப்படாது."

 பாவம் என்ற அந்தப் பயம் மட்டும் இல்லாவிட்டால் அந்த மனிதரை அங்கேயே வெட்டிப் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தப் பயம் இல்லாவிட்டால் அவரை அடிக்கவே போயிருக்கமாட்டார்களே. கத்தியைத் தடுத்ததும் பாவம் என்ற சொல்தான், கட்டையை ஓங்கியதும் பாவம் என்ற சொல்தான். நீ தத்துவம், வேதசாத்திரம் எல்லாம் படிக்கிறாய். எனக்கு இதை அவிழ்த்துச் சொல்லு, ராசா. நான் யோசித்து யோசித்துத் தலை சுற்றிப்போய் இருக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இன்னும் உலுக்கியது. அவரை மணலில் விட்டுவிட்டு எல்லோரும் போய், மிச்ச ஸ்தலங்களையும் முழந்தாளிட்டுச் சொல்லி முடித்தார்கள். ஒன்றையும் குறைக்கவில்லை. நானும் சுசிலாவும் மட்டும் அந்த மனிதரை நிழலுக்கு இழுத்து, என் முக்காட்டைக் கிழித்து முகத்தில் கட்டி, ஒரு வண்டிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். அப்பா களப்பில் கட்டையைக் கழுவினார். பின்னேரச் சடங்குக்கும் அதையேதான் தட்டினார். அந்தச் சத்தத்துக்கு நான் காதைப் பொத்திக்கொண்டு இருந்தேன்.

சனிக்கிழமை அவர் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தார். முகம் தெளிந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. சரி, மனுசன் சுவாமியிடம் சொல்லி அழுதிருக்கிறார், சுவாமி ஒரு வழி காட்டியிருப்பார் என்று நினைத்தேன். ஞாயிறு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு இருந்தபோது, பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக்கூடாது என்று தெரிந்தும், அதைச் சொன்னீங்களோ என்று கேட்டுவிட்டேன். எதை என்றார். அவர் நடிக்கவில்லை தம்பி. உண்மையாகவே எதை என்று அவருக்கு விளங்கவில்லை. ஒருசந்தி நோன்பு நாளில் விடியக் களைப்புக்குத் தேத்தண்ணி குடித்ததைச் சொன்னாராம். அந்த மனிதரைப் பிடித்து அடிக்கும்போது வாயில் ஒரு தூஷணம் வந்துவிட்டதாம், அதையும் சொன்னாராம். அப்போ அடித்தது என்று கேட்டேன்.

"அது என்ரை பாவம் இல்லை. அவன்ரை பாவம்."

இருபத்தாறு வருடம் இந்த மனிதரோடு ஒரே பாயில் படுத்திருக்கிறேன். அன்றைக்கு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்க எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை சுசிலாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த மனிதருக்கு இடது கண் போய்விட்டது. மற்றக் கண்ணும் சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அவருடைய மனைவி நாகேஸ்வரி கட்டில் காலடியில் இருந்தா. சின்னப் பெண். நான் யாரென்று சொன்னேன். திட்டி ஏசுவா, எழுந்து அடிப்பா என்று நினைத்துத்தான் போனேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா.

"போன பிறப்பிலை நாங்கள் என்ன பாவம் செய்தமோ அக்கா, இப்ப அனுபவிக்கிறம்."

பொலிசில் முறைப்பாடு செய்யவும் மாட்டாவாம். விதியோடு வழக்காட முடியுமா என்று கேட்டா. தாங்களும் வெள்ளிக்கிழமையில் மீன் மச்சம் தொடுவதில்லையாம், அடுத்த நாள் கறிக்கென்றுதான் அவர் வீசினாராம்.  அடித்தவர் தன்னிடம் பாவம் இல்லை என்கிறார். அடிபட்டவர்கள் அதைத் தங்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு அழுகிறார்கள்.

ஆஸ்பத்திரிக்காரர் அறிவித்து, பொலிஸ் ஊருக்குள் வந்து விசாரித்தது. எல்லோரும் ஒரே வாயாக, கண்ணை மூடிச் செபித்துக்கொண்டிருந்தோம், ஒன்றும் காணவில்லை என்றார்கள். இரண்டு கிழமைக்குள் யாரும் சொல்லாவிட்டால் இந்த வழக்கைக் கட்டி வைத்துவிடுவார்கள். அப்பாவே போய் ஒப்புக்கொள்ளட்டும் என்று கேட்டேன். மகன் குருவாகப் போகிற நேரத்தில் வீட்டுக்குள் பொலிசைக் கூப்பிடப் போகிறாயோ என்று கேட்டார்.  அவர் இந்த உலகத்தில் கேட்பது உன் சொல் ஒன்றைத்தான். உன் வாயிலிருந்து ஒரு வரி, அது பாவம், போய்ச் சொல்லுங்கோ அப்பா என்று எழுதிவிடு. அந்த வரிக்காகப் பாதையைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

அன்புள்ள அம்மா
யூலிற்றா


சேசு மரி சூசை துணை

முல்லைத்தீவு
13.5.1962

என் அன்பு மகனுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. சுசிலா சத்தமாக வாசித்தாள். அப்பா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு, பூசையில் நிற்பதுபோல் நின்று கேட்டார்.

ஆண்டவருடைய நாளின்மேல் அப்பாவுக்கு உள்ள பற்று கொஞ்சம் எல்லை மீறிவிட்டது, அதற்கு ஒரு தபசு செய்தால் போதும் என்று எழுதியிருந்தாய். இதை வெளியே கொண்டுபோனால் பிறசமயத்தார் முன்னால் திருச்சபைக்குத் துர்மாதிரிகை வரும், அது இதைவிடப் பெரிய பாவம் என்றும், அம்மா பொறுமையாக இருந்து செபமாலை சொல்ல வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். அப்பா சந்தோஷத்தில் அழுதுவிட்டார். கடிதத்தை மடித்துச் செபப்புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.

அவர் கிணற்றடிக்குப் போனபிறகு நான் அதை எடுத்து மறுபடி வாசித்தேன். அந்த மனிதருடைய மற்றக் கண் எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வியைத் தேடினேன். பின்பக்கமும் பார்த்தேன். உறைக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தேன். இல்லை தம்பி. அங்கேதான் எனக்குப் பயம் பிடித்தது. அப்பா அடித்த அன்றைக்குக்கூட நான் அப்படிப் பயப்படவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் பொலிசுக்கு நடந்தே போனேன். யார் அடித்தது என்று கேட்டார்கள். என் வீட்டுக்காரர் என்றேன். பெயரைச் சொல்லுங்கோ என்றார்கள். கோயில் கணக்கெடுப்பு வந்தாலும் நீயோ சுசிலாவோதானே அந்தப் பெயரைச் சொல்வீர்கள். தாலி ஏறிய நாளிலிருந்து என் வாயால் நான் சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னேன். மரியநேசன். எழுதுகிறவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். கத்தியோடு ஓடியவனைத் தடுத்ததும் அவர்தான், அதையும் எழுதுங்கோ என்று கேட்டு எழுதுவித்தேன்.

அன்று பின்னேரமே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு போனார். வாசல் படலையில் திரும்பி நின்று, நான் என்ன பாவம் செய்தேன் என்று என்னைக் கேட்டார். இன்னும் அவருக்குத் தெரியவில்லை. இப்போது விளக்கமறியல் சிறையில் இருக்கிறார். நாளைக்கு அவருக்குச் சோறு கொண்டு போகிறேன். என் புருசன் அல்லவா, பட்டினி போட முடியுமா?

ஊர் என்னோடு கதையை விட்டுவிட்டது. இன்று பூசையில் என் பக்கத்துப் பாயில் யாரும் முழந்தாளிடவில்லை. சுசிலா றேந்தையை மடியில் வைத்துக்கொண்டு, இனிப் பின்னுவதோ அம்மா என்று கேட்டாள். பின்னு என்றேன்.

நேற்று ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்தார்கள். மற்றக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஆளைத் தெரியவில்லை. என் குரலை வைத்து அடையாளம் பிடித்தார் ஏரம்பு. பெரிய வெள்ளி என்றால் என்னவென்று முன்னமே யாரும் சொல்லியிருந்தால் நான் வந்திருக்கமாட்டேனே அக்கா என்றார். அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார், ராசா. இதை நான் எந்தச் சுவாமியிடம் போய்ச் சொல்லி அழ?

புதுக்குருவின் எண்ணெய் பூசிய கையைத் தாய்தான் முதலில் முத்தமிட்டு முத்தி செய்வது வழக்கம். நீ தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அந்த ஒரு நாளுக்காகத்தான் மன்றாடுகிறேன். இப்போதும் அதைத்தான் மன்றாடுகிறேன். நான் செய்ததால் உன் பட்டம் தள்ளிப்போனால் அம்மாவைக் கோபித்துக்கொள். ஆனால் அதற்கு முதல் லீவு கேட்டு ஒருதரம் வா. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு வராதே. கோயிலுக்கும் போகாதே. நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. அவருக்கு உன் முகம் தெரியாது. அதனால் கையைப் பிடித்துக்கொண்டு, நீ யாருடைய மகன் என்று சொல்லு. பெயரைச் சொல்லு. நான் சொன்னேன், உன்னாலும் முடியும்.

பிறகு வீட்டுக்கு வா. எண்ணெய் பூசாவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கையை நான் முத்தி செய்கிறேன்.

இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடும்
அம்மா
யூலிற்றா