சாவிக்கு அடங்காத வண்டி

இன்றைக்குக் காலையில் டீக்கடை வாசலில் ஒரு பழைய வேன் ஆளில்லாமல் நின்று உறுமிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். துளையில் சாவி இல்லை. டீசல் புகை மூக்கில் ஏறியது. கையில் இருந்த டீ ஆறும்வரை என்னால் நகர முடியவில்லை. உள்ளே நீ குனிந்து எதையாவது தேடிக்கொண்டிருக்கிறாயோ என்று இன்னொரு தரம் பார்த்தேன். உன் வழுக்கை தெரியவில்லை, போனேன்.

நாம் கூட்டாக வாடகைக்கு ஓட்டிய கறுப்புக் கார் பெட்ரோலில்தான் பிறந்தது. எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோது, காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்க வருகிறவர்களை ஏற்றி இறக்கிய காசெல்லாம் டேங்குக்குள்ளேயே போயிற்று. டீசல் இன்ஜின் மாட்ட வேண்டும், இல்லையென்றால் காரை விற்க வேண்டும். விற்றால் இரண்டு வீட்டு அடுப்பும் அணையும்.

பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் ஓடி வந்த நான்தான் கணக்குப் போட்டேன். "டீசல் வெல கம்மி. ஒரு லிட்டருக்கு ஜாஸ்தி தூரம் வேற ஓடும்பா."

"ஓடும். மிச்சம் புடிக்கிறத மெக்கானிக் வாங்கினு போவான். ஆயில் அடிக்கடி மாத்தணும். அது ஆடுற ஆட்டத்துல போல்ட்டெல்லாம் கழண்டு தெருவுல கெடக்கும். பட்டுப்பொடவையில பொக நாத்தம் ஏறிச்சினா கல்யாணப்பொண்ணு அதாலயே உன்ன அடிப்பா."

"அடிக்கட்டுமே, பட்டாலதான?" என்றேன்.

நீ சிரிக்கவில்லை. உண்மையான பயம் அப்புறம்தான் வெளியே வந்தது. "பெட்ரோல் வண்டிக்கு உசுரு சாவியில இருக்குது. திருப்பினா அடங்கிடும். டீசல் அப்பிடி இல்லபா. சாவியப் புடுங்கினாலும் ஓடிக்கினே இருக்கும். டீசல் போற வழிய மூடுற கம்பிய இழுத்து மூச்ச அடைச்சாத்தான் நிக்கும். தெனமும் அந்தப் பாவத்த யாரு பண்றது?"

கடைசியில் அடுப்புதான் ஜெயித்தது. டீசல் மாட்டினோம். மிச்சமும் ஆனது, நீ சொன்னபடி போல்ட்டும் கழண்டது. ஒன்றில் ஒன்றைக் கழித்துப் பார்த்தாலும் வண்டி நமக்குச் சோறு போட்டது. ஆனால் அந்தக் கம்பியை நீ வெறுமனே இழுத்ததே இல்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் மெல்லத் தட்டி, "போதும்பா" என்பாய். அப்புறம்தான் இழுப்பாய். நான் கேலி பண்ணினால், "அதுக்குக் காது இருக்குது. உனக்குத்தான் இல்ல" என்பாய்.

ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்த நீ எழுந்திருக்கவில்லை. வாலாஜாபாத் சவாரியில் இருந்த எனக்குச் சேதி வந்தது. ஓட்டிக்கொண்டு வந்து உன் வாசலில் நிறுத்தினேன். சாவியை எடுத்தேன். கம்பியை இழுத்தேன். இன்ஜின் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தேன். அது பாட்டுக்கு ஓடியது. உள்ளே அழுகை அடங்கியது. வாசலில் இருந்தவர்கள் எல்லாரும் வண்டியையே பார்த்தார்கள். பக்கத்து சீட்டில், நான் ஓட்டும்போதெல்லாம் நீ உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த பள்ளம், பாரம் இருப்பதுபோல் அமுங்கி அமுங்கி ஆடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்து கீழே குதித்துவிட்டேன்.

உன் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவள், வெளியே வந்தாள். பானட்டின் மேல் கையை வைத்து, "போதும்பா" என்று நீ சொல்வதுபோலவே வண்டிக்குச் சொன்னாள். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற குரலில், "எறங்கி வாங்க" என்றாள்.

வண்டி ஒருமுறை உதறி நின்றது.

கம்பி எங்கேயோ சிக்கியிருக்கும், தானாக விட்டிருக்கும் என்றான் மெக்கானிக். இருக்கலாம். காரணம் சொல்லத்தானே அவனுக்குக் கூலி.

அந்தக் கார் போய்விட்டது. உன் சொல், அந்தப் "போதும்", மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை நான் வாயால் சொல்வதில்லை. மருமகள் சோறு போட்டு, "போதுமா மாமா?" என்கிறாள். கையால் தட்டை மூடுகிறேன். "வாயத் தொறந்து சொன்னா இன்னாவாம்?" என்று அவளுக்குக் கோபம்.

எப்படிச் சொல்வேன்? என் நெஞ்சுக்குள்ளும் ஒன்று சாவி இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கும் காது இருந்தால்?