தொலைபேசியை வைத்த பிறகு நான் தின்றது

நார்த் லேக், மின்னசோட்டா
நவம்பர் 10, ஞாயிறு

அன்பு மகள் சிக்னேவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் உயிரோடும் ஓரளவு ஒழுங்கோடும் இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளை கால்லமும் அங்கே கிறைஸ்ட்சர்ச்சில் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஏரியின் ஓரங்களில் பனிக்கட்டி பிடிக்கத் தொடங்கிவிட்டது, நடுவில் இன்னும் தண்ணீர்தான், வாத்துகள் அங்கே ஒண்டிக்கொண்டு கிடக்கின்றன. வாராவாரம் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். தொலைபேசியில் சொல்ல மூன்று வாரம் முயன்றேன், நேற்றும் முயன்றேன், ஒவ்வொரு முறையும் வானிலையைப் பற்றிப் பேசி முடித்துவிட்டேன். விஷயம் இதுதான். நான் தினமும் இரண்டு மைல் நடக்கிறேன் என்று உன்னிடம் சொல்லிவந்தது பொய். தபால் பெட்டி வரை போய்த் திரும்புவேன், அதற்குள் ஒரு முறை வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நீயோ மார்ச் மாதம் நாம் இருவரும் நான்கு நாள் மலைப்பாதையில் நடப்பதற்காக வழியெல்லாம் தங்க இடம் பிடித்து, எனக்கு விமானச் சீட்டும் வாங்கிவிட்டாய். அந்த நடை என்னால் ஆகாது. இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன், வெறும் தண்ணீர்தான்.

ஆகஸ்டில் முட்டி மருத்துவரைப் பார்த்தேன், அதையும் உன்னிடம் சொல்லவில்லை. இருநூற்று எண்பத்தாறு பவுண்டு இருந்தேன். இருநூற்று நாற்பதுக்கு வந்தால்தான் அறுவை சிகிச்சை என்றார். முட்டியும் தயார், நானும் தயார், உங்க எடைதான் சார் இன்னும் வரிசையில நிக்குது என்றார். அதனால் தேவாலயத்தின் நிலத்தடி அறையில் செவ்வாய்தோறும் கூடும் எடைக்குறைப்புக் குழுவில் சேர்ந்தேன். பதினொரு பெண்களும் நானும். நம் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் இருந்த வெர்னா, உனக்கு மட்டும் இரண்டாவது கரண்டி உருளைக்கிழங்கு போடுவாளே, அவள்தான் குழுவின் தலைவி. என்ன தின்றாய், அந்த நேரத்தில் பசி பத்துக்கு எத்தனை, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, இந்த மூன்றையும் நோட்டில் எழுதச் சொன்னாள். முப்பத்தெட்டு வருஷம் வேதியியல் நடத்தியவன் அல்லவா, அடிக்கோல் வைத்துக் கட்டம் போட்டு எழுதினேன். ஒரு மாதம் கழித்து நோட்டை வாங்கிப் புரட்டியவள் எல்லோர் முன்னாலும், என்ன வாத்தியாரே, ஒரு முழுத் துண்டு கேக்கு கூட நீங்க தின்னதே இல்லையா, பாதி, பாதியில பாதி, அதுல பாதின்னே போகுது, அப்ப தட்டைக் காலி பண்ணது யாரு, பூனையா என்று கேட்டாள். பூனை என்னிடம் இல்லை என்று சொன்னேன், அதற்கும் சிரித்தார்கள். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், விருந்தில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டோம், பாதியாக வெட்டி மீதியை மரியாதைக்கு விட்டுவைப்போம். நான் என் சமையலறையில் தனியாக நின்றுகொண்டும் அதையே செய்திருக்கிறேன். யாருக்காக விட்டுவைத்தேனோ.

உன் அம்மா போனதிலிருந்துதான் நான் இப்படித் தின்கிறேன் என்பது ஊரின் தீர்ப்பு. பாவம் ஆர்விட், துக்கத்தை மெல்லுறாரு என்று தேவாலய வாசலில் காதுபடவே சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஆனால் நோட்டு ஒத்துக்கொள்ளவில்லை. மார்லிஸ் இறந்து இரண்டு வருஷம் நிறைந்த செப்டம்பர் 18 அன்று கல்லறைக்குப் போய் நன்றாக அழுதேன், வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் சூப் குடித்தேன், அவ்வளவுதான். தின்றதெல்லாம் சனிக்கிழமைகளில், பிற்பகல் மூன்றிலிருந்து நான்குக்குள். ஒன்பது சனிக்கிழமைகளில் எட்டில் அப்படி. பசிக் கட்டத்தில் ஒன்று, இரண்டு, ஒன்று என்றுதான் இருக்கிறது. ஒன்பதாவது சனிக்கிழமை நீங்கள் கூடாரம் போட்டுத் தங்கப் போயிருந்தீர்கள், நீ கூப்பிடவில்லை, அன்று நான் எதையும் தொடவில்லை. அதைப் பார்த்ததும் நோட்டை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். உனக்குத் தெரிந்தால் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாயோ என்று பயம். சோதனையில் பிடிக்காத அளவு வந்தால் மறைக்கக் கூடாது என்று எத்தனை பிள்ளைகளைக் கண்டித்திருக்கிறேன், அந்த வெட்கத்தில் ஒரு வாரம் கழித்துத் திறந்தேன். பேசும்போது என்ன சொல்கிறேன் என்றும் எழுத ஆரம்பித்தேன். உன் குரல் காரணம் இல்லை, சிக்னே. நல்லா இருக்கேன்மா, நடந்துட்டுதான் இருக்கேன் என்று நான் சொல்லும் நாட்களில்தான் நேராகக் குளிர்பெட்டிக்குப் போகிறேன். அக்டோபர் 26 அன்று வாணலியைத் தீய்த்து, புகை மணி அடித்து, தீயணைப்பு வண்டியே வந்துவிட்ட கதையைச் சொன்னேன், நீ இருமும்வரை சிரித்தாயே, அன்று தொலைபேசியை வைத்த பிறகு வெறும் ஒரு கோப்பை காப்பியோடு ஜன்னலருகே உட்கார்ந்துவிட்டேன். ஒரே ஒரு சோதனை. இதை வைத்து முடிவு எழுதும் மாணவனுக்கு நான் தேர்ச்சி மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன். இருந்தாலும் எழுபத்துநான்கு வயதில், எனக்குள்ளேயே குணம் தெரியாத ஒரு பிராணி குடியிருப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது, அது எப்போது வெளியே வருகிறது என்று காத்திருக்கிறேன்.

போன செவ்வாய் இதை வெர்னாவிடம் சொன்னேன். அவள் அசரவில்லை. அப்ப மககிட்ட முதல்ல சொல்லுங்க வாத்தியாரே, சொல்லாம இங்க வந்து தராசுல ஏறினா நான் முள்ளைப் பார்க்க மாட்டேன் என்றாள். சொன்னதைச் செய்யக்கூடியவள் அவள். இப்போது இருநூற்று எழுபத்தேழு, ஒன்பது பவுண்டு குறைந்திருக்கிறது. இதே வேகத்தில் போனால் அடுத்த அக்டோபர் வரை அறுவை சிகிச்சை இல்லை. நீயும் அலுவலகத்தில் சச்சரவு வந்தால் நின்றபடியே பிஸ்கட் பொட்டலத்தைக் காலி செய்வதாக ஒரு முறை சொன்னாய். விடு என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கடிகாரத்தை மட்டும் பார்த்துக் குறித்து வை, சற்று முன் யார் என்ன சொன்னார்கள் என்றும் எழுது, சுவாரசியமாக இருக்கும்.

இன்னொன்று. ஜூலையில் சீட்டு வாங்கியபோது, நடக்கிறது ஒரு சாக்குதாம்ப்பா, உங்ககூட நாலு நாள் பேசணும் என்றாய். நான் எந்த மாதிரிக் காலணி வாங்க வேண்டும் என்று கேட்டேன். என்ன பேச வேண்டும் என்று கேட்கவில்லை. இப்போது அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றிருக்கிறது. உட்கார்ந்திருப்பவனிடம் சொல்லக்கூடிய பேச்சுதானா அது? ஆமாம் என்றால் மார்ச்சில் வருகிறேன், உன் சமையலறை நாற்காலி போதும். நடக்கிற அப்பாதான் வேண்டும் என்றால் சீட்டைத் தள்ளிப்போடு, நான் வருத்தப்பட மாட்டேன் என்று எழுதப் போனேன், அதுவும் பொய்யாகிவிடும். வருத்தப்படுவேன். நிறையத் தின்பேன். குறித்தும் வைப்பேன்.

ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும். மலையில் பிடித்த இடங்களை ரத்து செய்ய டிசம்பர் 15 கடைசி நாள் என்று நீ அனுப்பிய தாளில் போட்டிருக்கிறது, மறந்துவிடாதே. சனிக்கிழமை வழக்கம்போல் இரண்டு மணிக்குக் கூப்பிடு. எப்படி இருக்கீங்கப்பா என்று கேள், கேட்டுவிட்டுக் கொஞ்சம் பொறு, பதில் வரச் சற்று நேரமாகும்.

உன் அன்பு அப்பா,
ஆர்விட்