மரநாய்க்கு வைத்த தீ

1985 ஆகஸ்ட் 11, நாரந்தனை
என் அண்ணன் ஏரம்பு இன்று எங்கள் பனங்கூடலைக் கொளுத்திவிட்டார். ஒரு மரநாய் அவருடைய கோழியைப் பிடித்ததாம். அது பனையில் காய்ந்து தொங்கும் காவோலைக்குள் படுக்கிறதென்று அடியில் தீ மூட்டினாராம். சோளகக் காற்று பேயாய் அடிக்கிற மாதம்! ஓலைக்கு ஓலை தாவி, தோப்பு முழுக்கக் கரி. "புகைதானே போட்டனான்" என்கிறார். புகைதானாம். பெரிய மூளை.

ஆகஸ்ட் 12
போய்ப் பார்த்தேன். ஓட்டோடு வெந்த ஆமை. வேலியோரத்தில் இரண்டு முயல்கள், கருகி. ஓலையின் அடியில் கூடு ஒட்டி வாழும் அந்தச் சின்னக் கரிய குருவிகள் மொட்டை மரங்களைச் சுற்றிச் சுற்றிப் பறந்தன. ஐயோ, எனக்கு ஏலாமல் போச்சு. அதிலேயே குந்தியிருந்து அழுதேன்.

ஆகஸ்ட் 13
மரநாய் இன்னொரு கோழியையும் கொண்டுபோய்விட்டது. நல்லாய் வேணும்.

செப்டம்பர் 2
புளியங்கூடல் ஊரில் மரம் வாங்குகிற ஒருவரைக் கூட்டிவந்தார் அண்ணன். "எல்லாம் பட்டுப்போச்சு. தறிச்சால் கூரை வளைக்கெண்டாலும் ஆகும்" என்றார் அண்ணன்.
மாரி முடியட்டும், குருத்து வருகிறதோ பார்ப்போம் என்றேன்.
"உனக்கென்ன விசரே? பட்ட பனை துளிர்க்குமே?"
அப்பா பிரிக்காமல் விட்டுப்போன காணி. அப்படியென்றால் இப்பவே பிரியுங்கோ, தெற்குப் பாதி எனக்கு என்று சொல்லிவிட்டேன். வாய் முந்திவிட்டது. என் பாதியும் பட்டிருந்தால்? ஊர் சிரிக்கும். முதலில் அவர் சிரிப்பார் — அதைத்தான் தாங்க ஏலாது.

செப்டம்பர் 9
விடியவே கோடரிச் சத்தம். அண்ணன் எடுத்த வடக்குப் பாதி முழுக்கச் சரிந்துவிட்டது. அதில் எத்தனை உயிரோடு நின்றதோ! பொறுக்கத் தெரியாத மனிசன்.

நவம்பர் 20
நல்ல மழை. நிலத்தில் புல் பிடித்துவிட்டது. பனையில் ஒன்றுமில்லை.

டிசம்பர் 15
குருத்து! கரிந்த மண்டைக்குள்ளிருந்து வெளிறிய பச்சையாய். ஒவ்வொரு மரமாய் அண்ணாந்து பார்த்துக் கழுத்து நோகிறது. நாலைந்து போய்விட்டன, மற்றதெல்லாம் பிழைத்துவிட்டன. அண்ணனுக்குச் சொல்லி அனுப்பவில்லை. கண் இருந்தால் பார்க்கட்டும்.

1987 ஜூலை 5
கீழோலைகள் காய்ந்து தொங்கத் தொடங்கிவிட்டன. கரிய குருவிகள் திரும்பிவந்து கூடு ஒட்டுகின்றன. முயலைக் காணவில்லை, ஆமையும் இல்லை. அண்ணன் பாதி வெறும் வெட்டை. அங்கே ஆடுகூட நிற்பதில்லை.

ஜூலை 19
அண்ணன் வந்தார். அடுப்பெரிக்கக் காவோலை வேண்டுமாம். என்னிடம்! வாயில் சுருட்டு வேறு. கதிரையில் இருக்கச் சொல்லித் தேத்தண்ணி கொடுத்தேன்.
"விழுந்து கிடக்கிறதை எடுங்கோ அண்ணை. தொங்கிறதைத் தொடாதேங்கோ, குஞ்சு இருக்கு. சுருட்டை நூத்துப்போட்டு, நெருப்புப்பெட்டியையும் இஞ்சை வைச்சிட்டுப் போங்கோ."
சுருட்டைத் தரையில் தேய்த்து அணைத்தார். நெருப்புப்பெட்டியை மடியிலிருந்து எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போனார்.