நாட்டிலேயே இரண்டு பேர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

இந்தக் குளிர் நாட்டில் வேலைக்குச் சேர்ந்தபோது குடும்பப் பெயர் கேட்டார்கள். நமக்கு அது ஏது? தாத்தா உங்களுக்கு வைத்த, வேறு யாருக்கும் இல்லாத பெயரையே கொடுத்தேன். நேற்று கிடங்கு மேஸ்திரி கணினியில் தேடிவிட்டு, "அபூர்வமான வம்சம்தான்பா! நாட்டுலயே ரெண்டு பேரு. நீயும், துறைமுகத்துல ஒரு வெல்டரும்" என்றார். சிரித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது.

"இனிமே நீ எனக்கு அப்பனே இல்ல" என்று கத்திவிட்டுப் போன அண்ணனும் வெல்டர்தானே? அவனா, வேறு யாராவதா? ஒன்றும் புரியவில்லை. அம்மாவிடம் மூச்சு விடாதீர்கள்.

ஸ்வெட்டர் இரண்டாக அனுப்புங்கள், ஒன்று பெரிய அளவில். அது அவன் இல்லையென்றால் நானே போட்டுக்கொள்கிறேன். கிடங்கு வண்டி வந்துவிட்டது.

உங்கள் பெயரோடு,
சின்னவன்